முதற்பாதிக்கு ஒரு விலை: ஒட்டகப் பங்கிலிருந்து கைத்தொலைபேசிச் சந்தை வரை

கொஞ்சம் நீளமான பதிவு. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆறுதலாக வாசியுங்கள்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் கூடைப்பந்தாட்டம் 40 நிமிடம். 20 நிமிடம் ஒரு பாதி, 20 நிமிடம் மறு பாதி. அந்த முதல் 20 நிமிடம் முடியும்போது எந்த அணி முன்னுக்கு நிற்கும் என்பதை வைத்து இன்று அங்கே ஒரு சந்தை நடக்கிறது. நடைமுறை இலேசானது. "இந்த அணி முன்னுக்கு நிற்கும்" என்ற ஒப்பந்தத்தை 60 சதம் கொடுத்து வாங்கலாம். சொன்னபடி நடந்தால் ஒரு டொலர் கிடைக்கும். நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. விலை 60 சதம் என்றால், அந்த அணிக்கு நூற்றுக்கு 60 வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று பொருள். இதற்கு எதிர்வுகூறல் சந்தை என்று பெயர். சூது என்ற சொல்லை அங்கே எங்கும் காண மாட்டீர்கள். ஒப்பந்தம், வர்த்தகம், முதலீடு, இவைதான் அங்குள்ள சொற்கள்.

ஹேவாஹெட்டவில் லீக்ஸும் போஞ்சியும் போடுகிற ஊரில் இருந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும் என்று நினைப்பீர்கள். நாம் பேசாவிட்டாலும் எமது பிள்ளைகளின் போன் பேசுகிறது. ஐ.பீ.எல். காலம் வந்தால் முதல் ஆறு ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த விக்கெட் எப்போது என்று ஒவ்வொரு துண்டுக்கும் காசு கட்டச் சொல்லும் விளம்பரங்கள் வருகின்றன. 11 ஆம் தரத்துப் பிள்ளைகள் எம்மிடம் நேராகவே கேட்கிறார்கள்: "சேர், இது ஷெயார் மார்க்கட் மாதிரித்தானே? விலை ஏறும், இறங்கும், வாங்கலாம், விற்கலாம். இது எப்படி ஹராமாகும்?"

கேள்வி நல்ல கேள்வி. "ஹராம், அவ்வளவுதான்" என்று வாயை அடைத்தால் அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டு வெளியே போய் போனைத் திறக்கும். அதனால் வரலாற்றிலிருந்து பதில் தேடுவோம்.

நடக்கப்போவதைச் சொல்லிப் பந்தயம் கட்டுவது எமது மார்க்க வரலாற்றுக்குப் புதிதல்ல. கி.பி. 614 இல் பாரசீகர்கள் ரோமர்களிடமிருந்து ஜெரூசலத்தைப் பிடித்தார்கள். மக்காவின் குறைஷிகளுக்கு அது சந்தோஷமான செய்தி. வேதக்காரர்களான ரோமர்கள் தோற்றது முஸ்லிம்களுக்குக் கவலை. அந்த நேரத்தில் இறங்கிய ஸூரத்துர் ரூம், சில வருடங்களில் ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று அறிவித்தது. அபூபக்ர் (ரழி) அவர்கள் இதை வைத்துக் குறைஷிகளோடு பந்தயம் கட்டியதாகத் திர்மிதி முதலிய நூல்களில் வருகிறது. எதிர்த் தரப்பில் நின்றவர் உபை இப்னு கலஃப் என்று தப்ஸீர்கள் சொல்கின்றன. அபூபக்ர் (ரழி) குறுகிய தவணை வைத்திருந்தார்கள். "சில வருடங்கள்" என்று வரும் அரபுச் சொல் மூன்றிலிருந்து ஒன்பது வரையைக் குறிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். தவணை விபரத்தில் அறிவிப்புகளிடையே வித்தியாசம் உண்டு. 627 டிசம்பரில் நினிவே போரில் ஹெராக்ளியஸ் மன்னர் பாரசீகர்களைத் தோற்கடித்தார்.

இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டிப் பந்தயத்துக்கு அனுமதி தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் அதே நூல்கள், இது சூது தடுக்கப்படுவதற்கு முன்பு நடந்தது என்பதையும் கூடவே எழுதி வைத்திருக்கின்றன. வென்ற பொருளை ஸதகாவாகக் கொடுத்துவிடும்படி சொல்லப்பட்டதாகவும் சில அறிவிப்புகளில் உண்டு. முன்கூட்டிச் சொல்வது அன்றும் தடையில்லை, இன்றும் தடையில்லை. மழை வரும் என்று சொல்லலாம், எந்த அணி வெல்லும் என்றும் சொல்லலாம். அந்தச் சொல்லை வைத்து மற்றவனுடைய பொருளை எடுப்பதுதான் பிறகு நிறுத்தப்பட்டது.

நிறுத்தப்பட்ட அந்தச் சூது எப்படி இருந்தது? அல்குர்ஆன் அதை மைஸிர் என்கிறது. அறியாமைக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுத்துப் பங்கு போடுவார்கள். பத்து அம்புகளை ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. பங்கில்லாத அம்பு யாருக்கு விழுகிறதோ அவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கட்ட வேண்டும். வென்றவர் இறைச்சியைத் தான் வைத்துக்கொள்ளாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதைப் பெருமையாக நினைத்தார். அதாவது அந்தச் சூதினால் பசித்தவனின் வயிறு நிறைந்தது. அப்படியிருந்தும் அல்பகரா 219 ஆம் வசனம், அதில் மனிதருக்குச் சில பயன் இருந்தாலும் பாவம் அதைவிடப் பெரிது என்று சொன்னது. பின்னர் அல்மாஇதா 90 ஆம் வசனம் முழுதாகத் தடுத்தது. "இதனால் நாட்டுக்கு வரி கிடைக்கிறது, சுற்றுலா வளர்கிறது, தகவல் கிடைக்கிறது" என்று இன்று சொல்பவர்கள் புதிய வாதம் எதையும் கொண்டுவரவில்லை. பயன் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தடையே வந்தது.

இனி ஷெயார் மார்க்கட் கேள்விக்கு வருவோம்.

எமது ஊர் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். கரட் போடுகிறார். மூன்று மாதம் கழித்துத் தம்புள்ளயிலோ கெப்பெட்டிபொலவிலோ கிலோ என்ன விலை போகும் என்று அவருக்குத் தெரியாது. விலை விழுந்தால் உரக் கடைக் கடன் நிற்கும். இது அவர் தேடிப்போன ஆபத்தல்ல, தொழிலோடு கூடவே வருவது. இப்படிப்பட்டவருக்காகத்தான் முற்கூட்டி விலை பேசும் ஏற்பாடு உலகத்தில் உருவானது. 1848 இல் சிக்காகோவில் தானிய வியாபாரிகள் தொடங்கிய சந்தை அப்படி வளர்ந்தது. அதற்கு ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு முன்பே மதீனாவில் பேரீத்தம்பழத்துக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவு தெரிய வேண்டும், நிறை தெரிய வேண்டும், தவணை தெரிய வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். பிக்ஹில் ஸலம் என்று நாம் படித்தது இதுதான். அங்கே உண்மையான ஒரு பழம் இருக்கிறது, அதை விளைவிப்பவன் இருக்கிறான், அதைச் சாப்பிடுபவனும் இருக்கிறான்.

ஆபத்தை ஏற்பது வேறு, சூது வேறு என்பதற்கு எமது மலையே சாட்சி. 1867 இல் இதே ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்போது நாடே கோப்பியை நம்பியிருந்தது. இரண்டு வருடத்தில், 1869 இல், கோப்பி இலையில் துரு நோய் தெரிய வந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டக்காரர்கள் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். டெய்லரும் ஒரு வகையில் எதிர்காலத்தை ஊகித்தவர்தான். ஆனால் அந்த ஊகத்தின் பின்னால் நிலமும் உழைப்பும் இருந்தன, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் வியர்வை இருந்தது. முடிவில் ஒரு பயிர் மிஞ்சியது.

இப்போது அந்தக் கூடைப்பந்தாட்டத்துக்குத் திரும்புவோம். முதற்பாதி முடிவில் யார் முன்னுக்கு நிற்பார் என்பதில் யாருடைய அறுவடை தங்கியிருக்கிறது? யாருக்கு அதனால் உரக் கடன் நிற்கும்? ஒருவருக்கும் இல்லை. சந்தை தகவல் தருகிறது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. 1988 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜனாதிபதித் தேர்தலை வைத்துச் சிறு தொகையில் இப்படியொரு சந்தையை ஆய்வுக்காகத் தொடங்கினார்கள். அதன் கணிப்பு பல தடவை கருத்துக்கணிப்புகளை விட நெருக்கமாக இருந்தது. தேர்தல் முடிவை மாதக் கணக்கில் முன்கூட்டி அறிவதால் ஒரு நாட்டுக்குப் பயன் இருக்கலாம். 20 நிமிடத்தில் தானாகவே தெரியப்போகும் ஒன்றை இப்போதே அறிந்து என்ன செய்யப்போகிறோம்?

பிறகு ஏன் இது வந்தது? சட்டத்தின் வரலாறு பதில் சொல்லும். அமெரிக்காவில் 1992 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்திருந்தது. 2018 மே 14 அன்று உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை இரத்துச் செய்தது. அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பந்தயத்தை அனுமதித்து, வயதெல்லையும் வரியும் வைத்தன. எதிர்வுகூறல் சந்தைகள் வேறு வாசலால் வந்தன. கோதுமை, எண்ணெய் போன்ற பண்டங்களின் முற்கூட்டிய வர்த்தகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணைக்குழுவின் அனுமதியை வைத்துக்கொண்டு, கல்ஷி என்ற நிறுவனம் 2025 ஜனவரியில் விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியும் சேர்ந்தது. இது பந்தயம், நிறுத்துங்கள் என்று நெவாடா, நியூ ஜேர்ஸி முதலிய மாநிலங்கள் உத்தரவிட்டன. இது பந்தயமல்ல, பண்ட ஒப்பந்தம் என்று நிறுவனம் நீதிமன்றம் போனது. ஒரு பெயரை மாற்றுவதற்கு எவ்வளவு பெரிய சண்டை பாருங்கள்.

பெயர் மாறினாலும் விளையாட்டுக்கு வரும் கேடு மாறவில்லை. அதற்குக் கூடைப்பந்தாட்டத்தின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலமான அணியும் பலவீனமான அணியும் மோதினால் பந்தயம் கட்ட ஆள் வராது. அதற்காகப் புள்ளி வித்தியாசம் என்ற முறை 1940 களில் பரவியது. சிக்காகோவைச் சேர்ந்த சார்ள்ஸ் மெக்நீல் இதைக் கண்டுபிடித்தவர் என்பார்கள். முன்பு அவர் ஒரு கணித ஆசிரியர். பலமான அணி வென்றால் போதாது, பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்று வைத்தார்கள். இதோடு ஒரு புதிய கதவு திறந்தது. விளையாட்டு வீரன் இனித் தன் அணியைத் தோற்கடிக்கத் தேவையில்லை. பத்துக்குப் பதில் ஆறு புள்ளியால் வென்றால் போதும். அணியும் வெல்லும், காசும் கிடைக்கும், மனச்சாட்சியையும் சமாதானப்படுத்தலாம்.

1950 இல் நியூயோர்க் நகரக் கல்லூரி அணி நாட்டின் இரண்டு பெரிய சுற்றுப்போட்டிகளையும் ஒரே வருடத்தில் வென்றது. வேறெந்த அணியும் செய்யாத சாதனை. பெரும்பாலும் ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஆடிய அணி. அடுத்த வருடமே அதன் வீரர்கள் கைதானார்கள். புள்ளி வித்தியாசத்தைக் குறைக்கச் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கியிருந்தார்கள். விசாரணை ஏழு கல்லூரிகள் வரை போனது.

அந்தக் கதை வெளியே வந்ததற்குக் காரணம் ஓர் இளைஞன். மன்ஹட்டன் கல்லூரியின் ஜூனியஸ் கெலொக். அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர். 1951 ஜனவரியில் அவரிடம் 1,000 டொலர் தருவதாகச் சொன்னார்கள். அவர் கையிலே காசில்லாத மாணவர். வாங்காமல் நேரே பயிற்றுவிப்பாளரிடம் போய்ச் சொன்னார். பிறகு பொலிஸாரோடு ஒத்துழைத்தார். 1954 இல் ஒரு கார் விபத்தில் அவருடைய உடல் செயலிழந்தது. அதற்குப் பிறகும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தாட்டத்துக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். எமது விளையாட்டுத் துறை ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

இனி முதற்பாதி ஏன் ஆபத்தானது என்று பாருங்கள். முழு ஆட்டத்தையும் வளைக்கப் பலபேர் வேண்டும். முதல் 20 நிமிடத்தை வளைக்க ஓரிருவர் போதும். ஆரம்பத்தில் இரண்டு பந்தைத் தவற விட்டு, பாதுகாப்பில் கொஞ்சம் பின்தங்கினால் போதும். இரண்டாம் பாதியில் உயிரைக் கொடுத்து ஆடி அணியை வெல்லவும் வைக்கலாம். பார்ப்பவர்களுக்கு, தொடக்கம் சரியில்லை, பிறகு சூடு பிடித்தது என்றுதான் தோன்றும். 2026 ஜனவரியில் பிலடெல்பியாவில் மத்திய அரச வழக்கறிஞர்கள் 26 பேர் மீது குற்றப்பத்திரம் வெளியிட்டார்கள். அதில் சொல்லப்பட்ட ஆட்டங்கள் பலவற்றில் பந்தயம் முதற்பாதி மீதே கட்டப்பட்டிருந்தது. ஓர் ஆட்டத்துக்கு 10,000 முதல் 30,000 டொலர் வரை மாணவர்களுக்குப் பேசப்பட்டதாகக் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஆனால் எந்தத் துண்டைத் தேடி அந்தக் காசு போனது என்பது எமக்குப் பாடம்.

எமது கிரிக்கட் இதைவிடச் சிறிய துண்டைப் பார்த்திருக்கிறது. 2010 ஓகஸ்ட்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் இருவர் முன்கூட்டிச் சொன்ன நேரத்தில் மூன்று நோ போல் வீசினார்கள். ஆட்டத்தின் வெற்றி தோல்வியை மாற்ற அல்ல, தாங்கள் சொன்னபடி வீசுவார்கள் என்று காட்ட. முஹம்மத் ஆமிருக்கு அப்போது வயது 18. அடுத்த வருடம் லண்டன் நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதத் தண்டனை விதித்தது. அணித் தலைவர் சல்மான் பட்டுக்கு 30 மாதம். எமது பிள்ளைகள் ஆமிரின் பந்துவீச்சை இன்றும் யூடியூபில் பார்க்கிறார்கள். அந்த ஐந்து வருடத் தடையையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இலங்கையும் தப்பவில்லை. மலையகத்துச் சிறு நகரங்களில் ரேஸ் புக்கிக் கடைகளை எம் பெற்றோர் காலத்திலிருந்தே காண்கிறோம். இங்கிலாந்தில் எங்கோ ஓடும் குதிரைக்கு, கொழுந்து பறித்த சம்பளத்தையும் மரக்கறி விற்ற காசையும் கொண்டுபோய்க் கட்டினார்கள். குதிரையைக் கண்ணாலும் காணவில்லை. கூடைப்பந்தாட்டம் ஆடத் தெரியாத பிள்ளை அமெரிக்க ஆட்டத்துக்குக் காசு கட்டுவது அதன் தொடர்ச்சிதான். சட்டமும் பின்னால் ஓடிக்கொண்டே வந்தது. 1889 இல் சூதாட்டக் கட்டளைச்சட்டம், 1930 இல் குதிரைப் பந்தயத்துக்குத் தனிக் கட்டளைச்சட்டம், 1988 இல் வரி, 2010 இல் கசினோச் சட்டம். 2025 இல் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தலுக்கென ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றி, இணையவழிச் சூதையும் அதற்குள் கொண்டுவந்தது.

விளையாட்டைக் காக்க 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கிய முதல் தெற்காசிய நாடு இலங்கைதான். பத்து வருடம் வரை சிறை, 10 கோடி ரூபா வரை அபராதம். 2024 டிசம்பரில் பல்லேகலையில் நடந்த பத்து ஓவர் சுற்றுப்போட்டியில் ஓர் அணியின் உரிமையாளரே இந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். கண்டிக்குப் பக்கத்தில், எமது பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்க் கிரிக்கட் பார்க்கும் அதே மைதானத்தில்.

கடைசியாக, கணித பாடத்தில் நாம் செய்து காட்டும் ஒரு கணக்கு. அமெரிக்கப் பந்தயக் கடைகளின் வழக்கமான கணக்கு, 110 கட்டினால் வென்றவருக்கு 100 இலாபம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிராகத் தலா 110 ரூபா கட்டுகிறார்கள். கடைக்கு 220 வருகிறது. வென்றவருக்கு 210 போகிறது. 10 ரூபா கடையில் தங்குகிறது. இருவரும் தலா 1,100 ரூபாயோடு தொடங்கி மாறி மாறி வென்றால், 110 சுற்று முடியும்போது ஆளுக்கு 550 தான் மிஞ்சும். மற்றப் பாதி கடைக்கு. வாரம் ஒரு ஆட்டம் என்றால் இதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்கும். ஆட்டத்தைப் பாதி, கால், ஓவர் என்று வெட்டி நாளைக்குப் பத்துத் தடவை கட்ட வைத்தால் 11 நாள் போதும். முதற்பாதிச் சந்தை ஏன் உருவானது என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல விளக்கம் எமக்குத் தெரியாது. எதிர்வுகூறல் சந்தையில் கடைக்குப் பதிலாகக் கட்டணம் இருக்கிறது. எதிரே வாங்குபவரோ பெரும்பாலும் பெரிய கணினியும் கணித நிபுணர்களும் வைத்திருக்கும் நிறுவனம். வாப்பாவின் போனோடு உட்கார்ந்திருக்கும் 16 வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை கேட்டால் கோபிக்காதீர்கள். மூன்று கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். இதில் விளைவது என்ன? நீ வென்றால் அந்தக் காசு யாருடைய பையிலிருந்து வருகிறது? ஆட்டம் துண்டு துண்டாக ஏன் வெட்டப்பட்டிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பிள்ளையே பதில் கண்டுபிடித்தால் ஷெயார் மார்க்கட் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். ஏற்கெனவே காசு இழந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த கடன் எமக்குத் தெரியாமல் நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு போனது, யாரிடம் வாங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதி எடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து திருத்தம் தொடங்கட்டும்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.